ஈயத்தின் ஓரத்தில் ஓடும் மின்சாரம்: கிந்தா மண்ணின் உலோகம் மீண்டும் பேசப்படுவது ஏன்?

பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் வழியில், ஒரு குட்டையின் மேல் பழைய இரும்புக் கப்பல் ஒன்று நிற்கிறது. 1938-இல் கட்டப்பட்டு, 1982 வரை மண்ணை வாரி ஈயத்தைப் பிரித்தெடுத்த அந்த டிடி5 கப்பல் இப்போது சுற்றுப்பயணிகள் பார்க்கும் இடம். பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், போகிறார்கள். "ஈயத்தின் காலம் முடிந்தது" என்பதே அங்கே பெரும்பாலோர் எடுத்துச் செல்லும் செய்தி.

சந்தைக் கணக்கில் அது உண்மைதான். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகத்தின் ஈயத்தில் பாதிக்கு மேல் மலாயாவிலிருந்து போனது. அதில் கிந்தா பள்ளத்தாக்கின் பங்கு மிகப் பெரியது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் கையிருப்புப் பணம் தீர்ந்து கைவிரித்தது. ஈய விலை சரிந்தது, லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஈப்போவைச் சுற்றி இன்று நாம் பார்க்கும் குட்டைகள் பல அந்தக் காலத்தின் மிச்சம்.

ஆனால் கடந்த சில ஆண்டுகளாக அதே ஈயம் இயற்பியல் ஆய்வுக்கூடங்களில் புதிய காரணத்துக்காகப் பேசப்படுகிறது. ஓர் அணு கனமுள்ள ஈயத் தாள், உள்ளே மின்சாரத்தைக் கடத்தாமல், ஓரத்தில் மட்டும் கடத்தக்கூடும் என்பதே அந்தச் செய்தி. இது என்ன, எப்படி நடக்கிறது, இதனால் நமக்கு என்ன என்பதை எளிமையாகப் பார்ப்போம்.

(ஒரு சிறு விளக்கம்: இங்கே ஈயம் என்பது வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்வது இதில்தான். கார் பேட்டரியில் உள்ள காரீயம் வேறு உலோகம்.)

பேராக்கின் இரண்டு பொருள்கள்

பேராக்கை வளர்த்தவை ஈயமும் ரப்பரும். ரப்பரின் கதை 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட சில கன்றுகளோடு தொடங்குகிறது. பிறகு தோட்டங்கள் வந்தன. நம் முன்னோர் வந்தனர். சுங்கை சிப்புட், தைப்பிங், பாகான் டத்தோ வட்டாரங்களில் லயங்கள் எழுந்தன.

மின்சாரத்தைப் பொறுத்தவரை இவை இரண்டும் நேர் எதிர். ஈயம் உலோகம்; மின்சாரம் அதில் தாராளமாக ஓடும். ரப்பரில் ஓடாது. அதனால்தான் வயர்மேன் ரப்பர்க் கையுறை போட்டுக்கொள்கிறார்.

இரண்டும் ஒரே வயரில் சேர்ந்திருந்த காலமும் உண்டு. பழைய மின்கம்பிகளில் செம்புக்கு மேல் ரப்பர் உறை போடுவார்கள். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம் செம்பை அரித்துவிடும். அதைத் தடுக்க, செம்பின் மேல் மெல்லிய ஈயப் பூச்சு கொடுத்து, அதன் மேல் ரப்பரைப் போர்த்தினார்கள். 1930-இல் பேராக் ஆற்றில் சென்டரோ நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, கிந்தாவின் லம்பங்களுக்கு மின்சாரம் போன காலத்துத் தொழில்நுட்பம் அது. அந்த வயரை வெட்டிப் பார்த்தால் நடுவில் கடத்தும் உலோகம், வெளியே கடத்தாத ரப்பர்.

இப்போது நாம் பேசப்போகும் பொருள் இதைத் தலைகீழாக்குகிறது. நடுவில் ரப்பரைப் போலக் கடத்தாது. ஓரத்தில் உலோகத்தைப் போலக் கடத்தும். இரண்டு பொருளை ஒட்டிச் செய்ததும் அல்ல. முழுவதும் ஒரே பொருள்.

பால் பட்டையில்தான் இருக்கிறது

மரம் வெட்டியவர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். ரப்பர் மரத்தின் கட்டைக்குள் பால் இல்லை. பட்டையின் உட்புறத்தில் உள்ள நுண்குழாய்களில்தான் பால் இருக்கிறது. அதனால்தான் உளி கட்டையைத் தொடாமல், பட்டையை மட்டும் மெல்லச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும். கங்காணியிடம் திட்டும் கிடைக்கும். சீவிய சரிவுக்கோட்டில் பால் ஒரே திசையில் இறங்கி மங்கில் விழும்.

ஓரத்தில் ஓட்டம், ஒரே திசை, உள்ளே ஒன்றுமில்லை. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு வேறுபாடும் உண்டு. பட்டையை முழுவதும் உரித்துவிட்டால் ரப்பர் மரத்தில் பால் வராது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசிய ஈயத்தைச் சுரண்டினால் ஈயம் போய்விடும். நாம் பேசும் பொருள் அப்படி இல்லை. அதன் ஓரத்தை வெட்டி எறிந்தால், வெட்டிய இடமே புதிய ஓரமாகி அங்கே மின்சாரம் ஓடும். நடுவில் இரண்டாக வெட்டினால், இரண்டு துண்டுகளின் ஓரமும் கடத்தும். ஓரம் கடத்துவது பூச்சினால் வருவதில்லை. உட்புறத்தின் குணமே அதை உண்டாக்குகிறது. இந்த இடம்தான் விஞ்ஞானிகளை வியக்க வைத்தது.

முதலில் கண்டது 1980-இல்

1980 பிப்ரவரி 5-ஆம் தேதி, பிரான்சின் கிரெனோபிள் நகரில், ஜெர்மானிய இயற்பியலாளர் கிளாவுஸ் ஃபான் கிளிட்சிங் ஒரு சிலிக்கான் கருவியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதில் எலக்ட்ரான்கள் மேலும் கீழும் போக முடியாமல் ஒரு மெல்லிய தளத்தில் மட்டும் நகரும். அதைக் கடுங்குளிரில் வைத்து, மிக வலுவான காந்தப்புலத்தைக் கொடுத்தார். மின்தடை படிப்படியாக மாறுவதற்குப் பதிலாக, மாடிப்படிபோல் நின்று நின்று மாறியது. ஒவ்வொரு படியின் மதிப்பும் சுமார் 25,812.8 ஓம் என்ற எண்ணை 1, 2, 3, 4 என முழு எண்களால் வகுத்தால் வருவது.

கருவி பெரிதா சிறிதா, சுத்தமா அழுக்கா என்பது பொருட்டாகவே இல்லை, எண் மாறவில்லை. இயற்கையில் இவ்வளவு துல்லியம் அபூர்வம். இதற்காக 1985-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தத் தளத்தில் நடப்பதை இப்படி எண்ணிப் பாருங்கள். ஒரு திடல் நிறையப் பிள்ளைகள், ஒவ்வொருவரும் தன் இடத்திலேயே வட்டமடித்து ஓடுகிறார்கள். நடுவில் உள்ளவர்கள் ஓடி ஓடித் தொடங்கிய இடத்துக்கே வருகிறார்கள்; எங்கும் போய்ச் சேருவதில்லை. வேலியோரம் உள்ளவர்களால் வட்டத்தை முடிக்க முடியாது. வேலியில் மோதி, அரைவட்டம் போட்டு, மறுபடி மோதி, வேலியை ஒட்டியே முன்னேறுகிறார்கள். எல்லாரும் ஒரே பக்கமாகச் சுற்றுவதால், வேலியோரம் நகர்பவர்களும் ஒரே திசையில்தான் போவார்கள்.

காந்தப்புலத்தில் எலக்ட்ரான் இப்படித்தான் வட்டமடிக்கிறது. நடுவில் சுற்றுபவை மின்சாரத்தைக் கொண்டு போவதில்லை. ஓரத்தில் உள்ளவை கொண்டு போகின்றன. வழியில் ஓர் அழுக்கோ குறையோ இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும்; திரும்பி வர அதற்குப் பாதையே இல்லை. ஈப்போ பட்டணத்தின் ஒருவழிச் சாலைபோல.

இட்லியும் வடையும்

அந்த எண் ஏன் மாறுவதில்லை? இதற்கான பதில் கணிதத்தின் ஒரு பிரிவிலிருந்து வந்தது. அதற்கு டோப்பாலஜி என்று பெயர். தமிழில் இடத்தியல் என்கிறார்கள்.

இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அமுக்கலாம், நீட்டலாம், ஓரத்தைக் கடிக்கலாம், ஓட்டை விழாது. உளுந்து வடையில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதையும் அமுக்கலாம், ஓரம் கடிக்கலாம், ஓட்டை ஒன்றுதான். இட்லியை வடையாக்க வேண்டுமென்றால் எங்காவது கிழித்தே ஆக வேண்டும். ஓட்டையின் எண்ணிக்கை 0 அல்லது 1. நடுவில் "அரை ஓட்டை" என்று எதுவும் கிடையாது. 2016-இல் இத்துறைக்கு நோபல் பரிசு அறிவித்தபோது, பரிசுக் குழுவினர் பன்னையும் ஓட்டை போட்ட ரொட்டியையும் காட்டித்தான் விளக்கினார்கள். அந்தப் பரிசைப் பெற்றவர்கள் டேவிட் தவ்லெஸ், டங்கன் ஹால்டேன், மைக்கேல் காஸ்டர்லிட்ஸ்.

ஒரு பொருளுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கும் இத்தகைய ஒரு முழு எண் உண்டு என்று தவ்லெஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1982-இல் காட்டினார்கள். பொருளில் கண்ணுக்குத் தெரியும் ஓட்டை எதுவும் இல்லை. எலக்ட்ரான்களின் நிலையை விவரிக்கும் கணக்கில்தான் அந்த "ஓட்டை" இருக்கிறது.

ஓரம் ஏன் கடத்துகிறது என்பதற்கான விடையும் இதில் இருக்கிறது. ரப்பர், கண்ணாடி, காற்று ஆகியவை "இட்லி" வகை. அவற்றின் எண் 0. நம் விசேஷப் பொருள் "வடை" வகை. அதன் எண் 1. இரண்டும் உள்ளே மின்சாரத்தைக் கடத்தாதவை. ஆனால் பொருளின் ஓரத்தில் ஒரு பக்கம் 1, மறுபக்கம் 0. இந்த எண் மெல்ல மெல்லக் குறைய முடியாது. மாற வேண்டுமானால், அந்த இடத்தில் "கடத்தாத" தன்மை முறிய வேண்டும். முறிகிறது. ஆகவே எல்லைக்கோடு கடத்தியாகிறது.

ஓரம் கரடுமுரடாக இருந்தாலும், வெட்டிவிட்டாலும், எல்லை என்று ஒன்று இருக்கும்வரை கடத்தும் பாதையும் இருந்தே தீரும். வடையின் ஓரத்தைக் கடித்தால் ஓட்டை போய்விடாதல்லவா!

காந்தம் இல்லாமல் முடியுமா?

ஃபான் கிளிட்சிங்கின் சோதனைக்குப் பெரிய காந்தம் வேண்டும். அதைக் கைப்பேசிக்குள் வைக்க முடியாது. வெளிக் காந்தப்புலம் இல்லாமலே இத்தகைய நிலை சாத்தியம் என்று ஹால்டேன் 1988-இல் கணக்கில் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது தேன்கூடு வடிவத்தில் அணுக்கள் அடுக்கிய ஒரு தாள். அப்போது அது வெறும் தாள் கணக்குத்தான். 2004-இல் கிராஃபீன் என்ற ஓரணுக் கனக் கரித்தாள் உண்மையாகவே கையில் கிடைத்தது.

2005-இல் அமெரிக்காவின் சார்லஸ் கேனும் யூஜின் மீலும் அடுத்த அடியை எடுத்து வைத்தார்கள். எலக்ட்ரானுக்கு ஸ்பின் என்ற ஒரு குணம் உண்டு. மேல், கீழ் என இரண்டு வகை. அணுவுக்குள் எலக்ட்ரானின் ஓட்டமும் அதன் ஸ்பின்னும் பின்னிப் பிணைந்திருந்தால், வெளியிலிருந்து காந்தம் வைக்கத் தேவையில்லை. மேல்-ஸ்பின் எலக்ட்ரான்கள் ஓரத்தில் ஒரு திசையிலும், கீழ்-ஸ்பின் எலக்ட்ரான்கள் எதிர்த் திசையிலும் போகும் என்றார்கள்.

இதை வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஈப்போவிலிருந்து கோலகங்சார் பக்கம் போகும் வண்டிகள் ஒரு பாதையில், தாப்பா பக்கம் போகும் வண்டிகள் மறுபாதையில். நடுவில் தடுப்பு, யூ-டர்ன் கிடையாது. வழியில் பள்ளம் இருந்தாலும் வண்டி திரும்பி வர முடியாது, முன்னேதான் போக வேண்டும். எலக்ட்ரான் திரும்ப வேண்டுமானால் தன் ஸ்பின்னைப் புரட்ட வேண்டும். சாதாரண அழுக்கினால் அதைச் செய்ய வைக்க முடியாது. காந்தத்தன்மை உள்ள அழுக்கு இருந்தால் மட்டும் அந்தத் தடுப்பில் இடைவெளி விழும்.

சாதாரணக் கம்பியில் மின்தடை வருவதற்கு இந்த "திரும்புதல்" முக்கியமான காரணம். எலக்ட்ரான்கள் மோதி, சிதறி, பின்வாங்கி, அந்தச் சக்தி சூடாக வீணாகிறது. பாதையில் திரும்புதலே இல்லையென்றால் அங்கே அந்தச் சூடும் இல்லை.

கேனும் மீலும் சொன்ன கிராஃபீனில் இந்த விளைவு அளக்க முடியாத அளவுக்குச் சிறியது. காரணம், கரியின் அணு இலேசானது. ஓட்டத்துக்கும் ஸ்பின்னுக்கும் உள்ள பிணைப்பு, கனமான அணுக்களில்தான் வலுவாக இருக்கும்.

முதல் நேரடிச் சான்று 2007-இல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. லாரன்ஸ் மோலன்காம்ப் குழுவினர், பாதரசமும் டெலூரியமும் சேர்ந்த மிக மெல்லிய அடுக்கைச் செய்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஷௌசெங் சாங் குழு 2006-இல் கணித்தபடியே, அந்த அடுக்கின் கனம் 6.3 நானோமீட்டரைத் தாண்டியதும் ஓரக் கடத்தல் தோன்றியது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இரண்டு ஓரங்களும் சேர்ந்து கடத்தியபோது மின்தடை ஏறக்குறைய 12,906 ஓம். ஃபான் கிளிட்சிங் எண்ணில் சரிபாதி.

இப்போது ஈயம் வருகிறது

பாதரச அடுக்கு கடுங்குளிரில்தான் வேலை செய்தது. அறை வெப்பத்தில் வேலை செய்யக் கனமான அணு வேண்டும். அதே நேரத்தில் கிராஃபீனைப் போல எளிய தேன்கூட்டுத் தாளாகவும் இருக்க வேண்டும். தனிம அட்டவணையில் கரிக்கு நேர் கீழே வரிசையாக இருப்பவை சிலிக்கான், ஜெர்மானியம், ஈயம். கரியின் அணு எண் 6; ஈயத்தின் அணு எண் 50.

2013-இல் ஷௌசெங் சாங்கும் சக ஆய்வாளர்களும் ஓரணுக் கன ஈயத் தாளைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அதற்கு ஸ்டானீன் என்று பெயர். ஈயத்தின் லத்தீன் பெயரான ஸ்டானமிலிருந்து வந்தது. இத்தாளுடன் ஃப்ளூரின் போன்ற அணுக்களைச் சேர்த்தால், உட்புறத்தைக் "கடத்தாமல்" வைத்திருக்கும் சக்தி இடைவெளி சுமார் 0.3 எலக்ட்ரான் வோல்ட் வரை வரும் என்பது கணிப்பு. அறை வெப்பத்தில் அணுக்களின் ஆட்டத்தில் உள்ள சக்தி சுமார் 0.025 எலக்ட்ரான் வோல்ட்தான். இடைவெளி அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அதாவது, குளிரூட்டும் கருவி இல்லாமல், நம் ஊர் வெயிலிலும் ஓரக் கடத்தல் நிற்கக்கூடும்.

ஈயத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 13.2 டிகிரி செல்சியசுக்குக் கீழே பளபளப்பான வெள்ளை ஈயம் மெல்ல மெல்லச் சாம்பல் நிற ஈயமாக மாறிப் பொடியாகும் தன்மை கொண்டது. குளிர் நாடுகளில் இதை "ஈய நோய்" என்றே சொல்வார்கள். கிந்தாவின் வெப்பத்தில் நம் ஈயச் சொம்புக்கு இந்தப் பயம் இல்லை. அடுப்பில் வெறுமனே வைத்தால் உருகிவிடும் பயம்தான் உண்டு, ஏனென்றால் ஈயம் 232 டிகிரியிலேயே உருகும். அந்தச் சாம்பல் ஈயத்தின் மெல்லிய படலங்களும் இன்று இதே இடத்தியல் ஆய்வுகளில் முக்கியமான பொருள்.

ஈயம் வேறு தனிமங்களோடு சேர்ந்தும் இந்த ஆய்வில் வருகிறது. சென்னை ஐஐடியில் உலோகவியல் படித்து, அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் வித்யா மாதவனின் குழு, காரீயமும் ஈயமும் செலினியமும் கலந்த ஒரு படிகத்தின் மேற்பரப்பில் இத்தகைய எலக்ட்ரான் நிலைகளை 2013-இல் அளந்து வெளியிட்டது. அதே வகைப் படிகத்தின் மேற்பரப்பில் உள்ள அணுப் படிகளின் விளிம்பை ஒட்டி ஒற்றைக் கோடாகக் கடத்தும் பாதைகள் இருப்பதை வூர்ஸ்பர்க் குழுவினர் 2016-இல் கண்டார்கள். மாடிப்படியின் ஓரம் மட்டும் மின்னுவது மாதிரி.

கணிப்பு வேறு, கையில் கிடைப்பது வேறு

இங்கே நிதானம் தேவை. 2013-இல் ஸ்டானீன் செய்தி வந்தபோது, "நூற்றுக்கு நூறு மின்சாரம் கடத்தும் அதிசயப் பொருள்" என்ற தோரணையில் உலகப் பத்திரிகைகளில் தலைப்புகள் வந்தன. அதைப் படித்துவிட்டு, ஈயக் குட்டைகளை மறுபடி தோண்டலாம் என்று யாராவது முதலீட்டுத் திட்டத்தோடு வந்தால், கதவைச் சாத்திவிடுங்கள். அதற்கு மூன்று காரணங்கள்.

முதலாவது, ஸ்டானீன் செய்வது கடினம். கிராஃபீனைப் பென்சில் கரியிலிருந்து ஒட்டுநாடாவால் உரித்தெடுத்தார்கள். ஈயம் அப்படி ஏடு ஏடாக உரியாது; வேறொரு படிகத்தின் மேல் அணு அணுவாகப் படிய வைக்க வேண்டும். 2015-இல் சீன ஆய்வாளர்கள் பிஸ்மத் டெலுரைடு என்ற பொருளின் மேல் முதன்முறையாக அதைச் செய்தார்கள். ஆனால் அடியில் இருந்த படிகத்தின் அழுத்தத்தால் தாள் முழுவதுமே கடத்தும் உலோகமாகிவிட்டது. 2018-இல் செம்பின் மேல் தட்டையான ஸ்டானீனை வளர்த்து, இடத்தியல் அமைப்புக்கான அடையாளங்களைக் கண்டார்கள். ஆனால் அடியில் இருப்பது செம்பு. அதுவே நன்றாகக் கடத்தும். அதன் மேல் ஓரத்தில் ஓடும் மின்சாரத்தை எப்படித் தனியே பிரித்து அளப்பது?

இரண்டாவது, ஓரப் பாதையின் பாதுகாப்புக்கும் எல்லை உண்டு. 2007 சோதனையில் அந்தத் துல்லியமான எண் வந்தது, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளமுள்ள கருவிகளில்தான். நீளம் கூடியபோது எண் விலகியது. நெடுஞ்சாலை நீண்டால் எங்காவது யூ-டர்ன் கிடைத்துவிடுவதுபோல.

மூன்றாவது, இது டிஎன்பி கம்பிகளுக்கு மாற்று அல்ல. ஓரப் பாதையில் சூடு இல்லையென்றாலும், மின்சாரம் உள்ளே நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் தடை உண்டு. 12,906 ஓம் என்ற தடை அங்கேதான் வருகிறது. வீட்டுக்கு மின்சாரம் கொண்டுவர அது மிக அதிகம். இதையும் மீக்கடத்தி எனப்படும் தடையே இல்லாத பொருளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் எதற்கு?

பயன் இருக்கக்கூடிய இடம் கணினிச் சில்லுக்குள். சில்லில் உள்ள செம்புப் பாதைகள் நாளுக்கு நாள் மெலிகின்றன. செம்பு மெலிய மெலிய எலக்ட்ரான்கள் அதன் சுவர்களில் மோதி, தடை வேகமாகக் கூடுகிறது, சூடும் கூடுகிறது. ஜொகூரில் எழும் தரவு மையங்களுக்கு இவ்வளவு மின்சாரமும் குளிரூட்டும் நீரும் தேவைப்படுவதற்கு, சில்லுகளின் சூடு முக்கியமான காரணம். சில நானோமீட்டர் அகலத்தில், நீளத்தால் தடை கூடாத பாதை கிடைத்தால் அது பெரிய விஷயம்.

மற்ற பொருள்களில் முன்னேற்றம் தெரிகிறது. 2017-இல் பிஸ்மத் தாளில் 0.8 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியும் ஓர நிலைகளும் காணப்பட்டன. 2018-இல் டங்ஸ்டன் டைடெலுரைடு என்ற தாளில் ஓரக் கடத்தல் மைனஸ் 173 டிகிரி செல்சியஸ் வரை நின்றது. நமக்கு அது கடுங்குளிர். ஆனால் முந்தைய சோதனைகளோடு ஒப்பிட்டால் நல்ல வெப்பம். 2023-இல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில், ஈயத்தின் அண்ணன் என்று சொல்லத்தக்க ஜெர்மானியத் தாளில், மின்புலத்தைக் கூட்டிக் குறைத்து ஓரப் பாதையை அணைக்க முடிந்தது. சுவிட்சுபோல் இயங்கும் கருவிக்கு அதுவே முதல் தேவை.

ஏற்கெனவே பயன்பட்டுவிட்ட ஒன்றும் உண்டு. ஃபான் கிளிட்சிங்கின் ஓர மின்சாரம்தான் இன்று உலக அளவீட்டுக் கூடங்களில் ஓம் என்ற அலகின் துல்லியத் தராசு. காய்கறிக் கடையில் எடைக்கல்லைச் சரிபார்ப்பதுபோல், மின்தடையை இதைக் கொண்டு சரிபார்க்கிறார்கள்.

இதில் நம் பிள்ளைகளுக்கு என்ன?

ஐந்தாம் படிவ இயற்பியல் பாடத்தில் மின்சாரம், மின்காந்தவியல், மின்னணுவியல் ஆகியவற்றோடு குவாண்டம் இயற்பியலுக்கும் ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் சொன்னவற்றின் அடிப்படை முழுவதும் அங்கே தொடங்குகிறது. ஓமின் விதி தெரிந்த மாணவரால் 12,906 ஓம் ஏன் விசித்திரம் என்று கேட்க முடியும். கம்பி நீண்டால் தடை கூட வேண்டும். இங்கே ஏன் கூடவில்லை? அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

"இயற்பியல் கஷ்டம், வேண்டாம்" என்று பதினாறு வயதில் அறிவியல் பிரிவை விட்டுவிடும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. விட்டுவிடச் சொல்லும் பெரியவர்களும் உண்டு. அந்த ஒரு முடிவோடு பொறியியல், சில்லுத் தொழில், ஆய்வு என்று பல கதவுகள் சாத்திக்கொள்கின்றன. பினாங்கு, கூலிம் தொழிற்சாலைகளில் சில்லுகளைப் பொதிந்து உலகத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த வேலைக்கு இயற்பியல் தெரிந்தவர்கள் தேவை. அந்தச் சில்லுகளைப் பலகையோடு ஒட்டும் சோல்டரில் இன்றும் பெரும்பங்கு ஈயம்தான். காரீயம் கலக்காத வழக்கமான சோல்டரில் நூற்றுக்கு 96.5 பங்கு ஈயம், 3 பங்கு வெள்ளி, 0.5 பங்கு செம்பு. அடுத்த முறை கைப்பேசியைக் கையில் எடுக்கும்போது, அதற்குள் ஈயம் இருப்பதைப் பிள்ளைகளிடம் சொல்லலாம்.

பெற்றோரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். டிடி5 கப்பலைப் பாருங்கள். கம்பாரில் உள்ள ஈயச் சுரங்க அருங்காட்சியகத்தையும் பாருங்கள். பார்த்துவிட்டு "அந்தக் காலம்" என்று முடித்துவிட வேண்டாம். ஒரு பேட்டரி, ஒரு சிறிய விளக்கு, ஒரு துண்டு சோல்டர் கம்பி, ஒரு ரப்பர் பட்டை ஆகியவற்றை வீட்டில் எடுத்துக்கொண்டு, எதில் விளக்கு எரிகிறது, எதில் எரியவில்லை என்று பிள்ளைகளையே சோதிக்கச் சொல்லுங்கள். கடத்துவது எது, கடத்தாதது எது என்று அவர்கள் சொன்ன பிறகு, "உள்ளே கடத்தாமல் ஓரத்தில் மட்டும் கடத்தும் பொருள் ஒன்று இருக்கிறது, தெரியுமா?" என்று கேளுங்கள்.

நம் தாத்தா பாட்டிமார் விடியற்காலை பெரட்டுக்கு நின்று, பட்டையைச் சீவி, பாலை மங்கில் இறக்கினார்கள். பால் மரத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவர்களுக்கு விரல் நுனியில் தெரியும். அவர்களின் பேரப்பிள்ளைகள் மின்சாரம் பொருளின் எந்த இடத்தில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் வேலைக்குப் போகலாம். அதற்கு முதல் படி, ஐந்தாம் படிவத்தில் இயற்பியல் புத்தகத்தை மூடாமல் இருப்பது.